அஞ்சு நிமிஷ டாக்டரும் ஒல்லி மணிக்கட்டும்

எங்கள் டாக்டருக்கு ‘அஞ்சு நிமிஷம்’ என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ அறையைத் திறந்த வாரத்தில், நர்ஸாக நானும் டாக்டராக அவரும் இரண்டு நாள் இடைவெளியில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் நோயாளியின் தொடை மடிப்பில் இரண்டு விரலை வைப்பார், கண்ணை மூடுவார், ஊசியை எடுப்பார். வெளியிலிருந்து யாராவது எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் “அஞ்சு நிமிஷம்” என்பார். சொன்னபடியே ஐந்து நிமிஷத்துக்குள் குழல் ரத்தக்குழாய்க்குள் போய் உட்கார்ந்திருக்கும். அந்த நாளில் அது பாராட்டுப் பெயர். பின்னாளில் அதையே கிண்டலாகச் சொல்ல வேண்டி வந்தது, அதுவும் என் வாயால்தான்.

ஆள் குள்ளம். தலையில் முடி கிடையாது. விரல்கள் மட்டும் அவருக்குச் சம்பந்தமில்லாத மாதிரி நீளமாக இருக்கும். அந்த விரல்களின் மேல் அவருக்கு ஒரு கர்வம். கதவை முழங்கையால் தள்ளுவார். வீட்டில் ஒரு ஆணி அடிக்க மாட்டார் என்று அவருடைய மனைவியே என்னிடம் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார். சர்க்கரை இல்லாத டீயை வாங்கி அதிலும் பாதியை ஆறவிட்டுவிட்டுப் போவார். கோபம் வந்தால் கத்த மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். கத்துகிறவரோடு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். பேச்சை நிறுத்துகிறவரோடு ஓட்டுவதற்குத் தனித் தெம்பு வேண்டும்.

இதயத்தில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கவும், அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைக்கவும், ஒரு மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாக இதயம் வரைக்கும் அனுப்ப வேண்டும். அதற்கு வாசல் இரண்டு. ஒன்று தொடை. அங்கே ரத்தக்குழாய் பென்சில் பருமன் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். ஆனால் முடிந்த பிறகு நோயாளி ஆறு மணி நேரம் காலை அசைக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும், உள்ளே கசிந்தால் வெளியே தெரியாது. இன்னொன்று மணிக்கட்டு. அங்கே ரத்தக்குழாய் தீக்குச்சி பருமன். ஒரு குத்து தவறினால் பயந்துபோய்ச் சுருங்கிக்கொள்ளும், அப்புறம் கெஞ்சினாலும் திறக்காது. ஆனால் உள்ளே போய்விட்டால் நோயாளிக்கு நிம்மதி. முடிந்ததும் ஒரு காற்றடைத்த பட்டையைக் கட்டிவிட்டால் எழுந்து உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

எங்கள் டாக்டர் தொடையிலேயே ஊறிப்போனவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இன்னொரு டாக்டர் வந்து சேர்ந்தார், பெண். வயது நாற்பதைத் தொட்டாலும் பின்னால் வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘சின்ன டாக்டர்’. அவர் எல்லாவற்றையும் மணிக்கட்டிலேயே செய்தார். சின்னதாக ஒரு ஸ்கேன் கருவியைக் கையில் வைத்து ரத்தக்குழாயைத் திரையில் பார்த்துக்கொண்டே குத்துவார். எங்கள் டாக்டர் அதை அறையின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “விரல் இருக்கறப்ப டி.வி. எதுக்கு?” என்று என்னிடம் மட்டும் சொல்வார். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சிரிப்பு நின்றது ஒரு தையல்காரம்மாவால். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலியோடு வந்தார். ஐம்பத்தெட்டு வயது, நாற்பது கிலோ இருந்தால் அதிகம். கட்டிலில் படுத்திருக்கும்போதே என் சட்டையைப் பார்த்து, “சிஸ்டர், இந்தப் பாக்கெட்ட யாரு தச்சது? கோணலா இருக்கே” என்றார். நான்தான் தைத்தேன் என்று சொல்லவில்லை. எங்கள் டாக்டர் வழக்கம்போல ஐந்து நிமிஷத்தில் தொடையில் குழலை ஏற்றி, அழகாக ஸ்டென்ட் வைத்து முடித்தார். மதியம் அந்த அம்மா ஒரு தடவை இருமினார். அவ்வளவுதான். உள்ளே ரத்தம் கசிந்து தொடை வீங்கி முழங்கால் வரைக்கும் கறுத்துப்போனது. நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் தினமும் காலையில் வார்டு வாசலில் நின்று நர்ஸிடம் விவரம் கேட்டுக்கொண்டு போவார். வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தையல் மெஷினின் மிதியில் கால் வைக்க முடியவில்லை என்று அவருடைய மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அதேபோல இன்னும் இரண்டு மூன்று பேருக்கு ஆனதும் நிர்வாகம் விழித்துக்கொண்டது. இனி முடிந்தவரை மணிக்கட்டுதான், ஒவ்வொரு டாக்டரும் ஐம்பது மணிக்கட்டு கேஸ் முடித்துக் கை பழகியதாகக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. கணக்கு எழுத அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார்கள். கட்டம் போட்டது நான். ஒரு பக்கம் ‘கை’, ஒரு பக்கம் ‘கால்’. எதில் முடிகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. இதைவிட எளிமையாக எழுத முடியாது என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

அதில்தான் வந்தது வினை. மணிக்கட்டில் மூன்று தடவை குத்திப் பார்த்து, முடியாமல் தொடைக்குப் போனால் அது எந்தக் கட்டம்? தொடையில்தானே முடிந்தது, அதனால் ‘கால்’. தொடங்கிய இடத்தைப் பற்றிப் பலகைக்குக் கவலையில்லை. அதாவது எங்கள் பலகையில் தோல்வி என்ற ஒன்றை எழுதவே இடம் கிடையாது. டாக்டருக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. காலையில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வார்டைச் சுற்றி வந்து, கடையில் தக்காளி பொறுக்குவதுபோல மணிக்கட்டுகளைப் பொறுக்குவார். தடித்த ஆண் கை என்றால் ‘கை’. ஒல்லியான கை என்றால் பெரும்பாலும் நேராகக் ‘கால்’. எப்போதாவது ஒல்லிக் கையில் ஆரம்பித்தாலும் ஐந்து நிமிஷம்தான். ஆறாவது நிமிஷம், “கால் செட் குடுங்க சிஸ்டர்.” பட்டப்பெயருக்கு அர்த்தம் மாறியது அப்போதுதான். டெக்னீஷியன் தம்பியிடம் நான், “இன்னிக்கி அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சா?” என்று கேட்பேன், அவன் கடிகாரத்தைக் காட்டுவான்.

எட்டு மாதத்தில் ஐம்பது கோடு சேர்ந்துவிட்டது. கேக் வெட்டினோம். நிர்வாகத்திலிருந்து வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்கள். சின்ன டாக்டர் ஒரு துண்டு கேக்கைச் சாப்பிட்டுவிட்டுக் கை குலுக்காமல் போய்விட்டார்.

நான் என் துண்டை டெக்னீஷியன் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். காரணம், ஸ்டோர் நோட்டு. ஊசி, கம்பி, குழல் அடங்கிய எந்த செட்டைப் பிரித்தாலும் நான்தான் அந்த நோட்டில் நோயாளியின் விவரத்தோடு குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டோரில் புதுசு தர மாட்டார்கள். அந்த எட்டு மாதத்தில் இவருக்காக நான் பிரித்த மணிக்கட்டு செட் எண்பத்தேழு. பலகையில் இருப்பது ஐம்பது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். ஒல்லிக் கைகள் மொத்தம் இருபத்து மூன்று. அதில் மணிக்கட்டிலேயே முடிந்தது நாலு. நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் தையல்காரம்மா திரும்பி வந்தார். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது. பரிசோதித்ததில் வேறொரு இடத்தில் புது அடைப்பு. உடனடி ஆபத்து இல்லை, மாத்திரை மாற்றிக் கொடுத்து ஆறு வாரத்துக்குள் செய்தால் போதும் என்றார் டாக்டர். அந்த அம்மாவும் அதையே கேட்டார். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, நூற்றிருபது சீருடைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

“ஆனா மறுபடியும் தொடையில வேணாம் டாக்டர். செத்தாலும் பரவால்ல” என்றார்.

“தொடையே இல்லம்மா. இந்தத் தடவை கையிலயே பண்ணிடலாம். நான் அம்பது கேஸ் முடிச்சிருக்கேன்.”

“கைன்னாலும் பயமாத்தான் இருக்கு. கத்திரி பிடிக்கிற கையாச்சே.” தன் மணிக்கட்டை மேஜைமேல் நீட்டினார். விறகுச் சுள்ளி மாதிரி இருந்தது. “இந்த மாதிரி கை எத்தனை பண்ணியிருக்கீங்க?”

“நிறைய” என்றார் டாக்டர்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தில் எள் போட்டால் பொரிந்திருக்கும். அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், அவர் பலகையை நம்பினார். பலகையை எழுதியது நான்.

அன்று வீட்டில் எல்லோருக்கும் அர்ச்சனை நடந்தது. மகள் ஷூவைக் கழற்றிப் போட்ட இடம் சரியில்லை, தண்ணீர்க் குழாய் சொட்டுவது சரியில்லை, என் கணவர் மூச்சு விடுவதே சரியில்லை. அவர் பஸ் ஓட்டுகிறவர், நாள் முழுக்க ஹாரன் கேட்டுக் கேட்டு இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாத பழக்கம். கடைசியில் நான் விஷயத்தைச் சொன்னதும் கேட்டார்: “உனக்குக் கோவம் டாக்டர் மேலயா, போர்டு எழுதின ஆள் மேலயா?”

“நீங்க உங்க பஸ்ஸ மட்டும் ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை டாக்டர் கை கழுவும் முன்பே ஸ்டோர் நோட்டை அவர் முன்னால் வைத்தேன். ஒல்லிக் கைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தேன். “இருபத்து மூணுல நாலு சார். அந்தம்மாகிட்ட நிறையன்னு சொன்னீங்க.”

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். காது சிவந்தது. “இதையெல்லாம் எழுதச் சொல்லி உங்ககிட்ட யார் கேட்டாங்க?”

“ஸ்டோர் கேட்டாங்க.”

“அப்ப இதையும் எழுதிக்குங்க. நான் ஊசிய எடுக்கறதுக்கு முன்னாடியே நீங்க கால் செட்ட தட்டுல வச்சிடறீங்க. மூணாவது நிமிஷம் கவரைக் கிழிக்க ஆரம்பிச்சிடறீங்க. அந்தச் சத்தம் கேட்டா எவனுக்குக் கை ஓடும்?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நோயாளிக்கு நேரம் வீணாகக் கூடாது என்றுதான் நான் தயாராக வைத்திருந்தேன். பத்தொன்பது வருஷமாக அவர் வாய் திறக்கும் முன்பே கையில் சாமானைக் கொடுத்துப் பெயர் வாங்கியவள் நான். ஆனால் அவர் சொன்னது உண்மை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

நாலு நாள் அவர் என்னோடு பேசவில்லை. “சிஸ்டர்கிட்ட சொல்லுப்பா” என்று டெக்னீஷியன் தம்பி வழியாகத்தான் எல்லாம். அவன் நடுவில் நின்று, ஒரு கை தூரத்தில் இருக்கிற எனக்கு, நான் கேட்டதையே மறுபடி சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் காலை நான் உள்ளே போனபோது டாக்டர் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது கோட்டையும் அழித்திருந்தார். மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, ‘கையில் தொடங்கினேன், முடியவில்லை’ என்று எழுதியிருந்தார். கையெழுத்து கோழி கிண்டியதுபோல இருந்தது.

“ஆறு வாரம் இருக்கு. லிஸ்ட்ல இருக்கற ஒல்லிக் கை எல்லாம் எனக்குப் போடுங்க” என்றார்.

அன்றே நான் கால் செட்டைத் தட்டிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தேன். மேஜையிலிருந்து நாலு எட்டு தூரம். அவசரம் என்றால் எடுக்க அரை நிமிஷம் ஆகாது. ஆனால் கண்ணில் படாது, சத்தமும் கேட்காது. டாக்டர் ஒல்லிக் கை கேட்டதைச் சின்ன டாக்டரிடமும் சொன்னேன். “அஞ்சு வருஷம் முன்னாடியே பண்ணியிருக்கலாம் சிஸ்டர்” என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. ஐந்து வருஷமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டிருந்தவர்தானே அவரும்.

நிர்வாகம் ஒரு நிபந்தனை வைத்தது. ஒரு கையில் மூன்று குத்துக்கு மேல் கிடையாது. அதற்கு மேல் சின்ன டாக்டரைக் கூப்பிடலாம், அல்லது காலுக்குப் போகலாம். எது என்பது எங்கள் டாக்டரின் இஷ்டம். அந்த ஆறு வாரத்தில் அவர் ஒரு தடவைகூடச் சின்ன டாக்டரைக் கூப்பிடவில்லை.

முதல் இரண்டு வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. ஸ்கேன் கருவியைக் கையில் எடுத்தார், ஆனால் அதைப் பார்க்காமல் விரலை நம்பிக் குத்தினார். பழைய தொடைப் பழக்கத்தில் ஊசியைச் செங்குத்தாகப் பிடித்தார், அது தீக்குச்சிக் குழாயைத் துளைத்து அந்தப் பக்கம் போயிற்று. குழலுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி உள்ளே போனால் பக்கக் கிளையில் நுழைந்தது. ஒன்பது கைகளில் மூன்றுதான் முடிந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “தம்பி, எத்தனை தடவதான் குத்துவீங்க? எனக்கும் எண்ணத் தெரியும்” என்றார். டாக்டர் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காலுக்குப் போனார். நான் மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டேன். போடப் போட எனக்கு எரிந்தது. அந்த ஒவ்வொரு கோடும் யாரோ ஒருவருடைய கை. அவர்கள் நெஞ்சு வலிக்கு வந்தார்களே தவிர, இவருக்குப் பாடம் எடுக்க வரவில்லை. ஆனால் இவர் இப்போது பழகாவிட்டால் இன்னும் பத்து வருஷம் எல்லோருடைய தொடையையும் குத்திக்கொண்டிருப்பார். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை, மூன்றாவது வழியும் தெரியவில்லை.

ஒரு நாள் அவருடைய மனைவி போன் செய்தார். கணக்கு டீச்சர், எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

“சிஸ்டர், உங்க டாக்டருக்கு என்ன ஆச்சு? இருபத்து நாலு வருஷமா என் கைய பிடிக்காதவர் இப்ப சாப்பிடறப்ப தினமும் பிடிக்கறார். சரி, இப்பவாவது தோணுச்சேன்னு பாத்தா, நாடி எங்க ஓடுதுன்னு பேனாவால கோடு போடறார். நேத்து எங்க அம்மா கையிலயும் போட்டுட்டார். அவங்க பயந்துபோய் எனக்கு என்ன வியாதின்னு கேக்கறாங்க.”

“பழகறார் மேடம்.”

“அதுக்கு என் வீட்டு ஜனங்கதான் கெடச்சாங்களா?” என்று சொன்னாலும் குரலில் கோபம் இல்லை. “ராத்திரி தூங்கறதில்ல. அத மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க.”

மூன்றாவது வாரத்தில் ஒரு கேஸ் மறுபடியும் மணிக்கட்டில் முடியாமல் காலுக்குப் போனதும், கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டுவிட்டு, “அம்பத்தோரு வயசுல எனக்கு எதுக்கு சிஸ்டர் இது?” என்றார். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் அவர் அன்று சாயங்காலம் சின்ன டாக்டர் செய்கிற கேஸில் வந்து நின்று திரையைப் பார்த்தார். மறுநாள் ஊசியைப் படுக்கவைத்துப் பிடித்தார். குத்தும் முன் நோயாளியின் கையை வெந்நீர்ப் பையால் சுற்றி வைக்கச் சொன்னார். நோயாளியிடம் பேச்சுக் கொடுத்தார், அதுவும் அவருக்குப் புது வித்தை. ஒருவரிடம் “வீட்ல எத்தன பேரு?” என்று கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகு மறந்துபோய் மறுபடி அதையே கேட்டார்.

ஆறு வாரம் முடிந்தபோது ஒல்லிக் கைகள் இருபத்து நாலு. முடிந்தது பதினான்கு, முடியாதது பத்து. முதல் ஒன்பதில் மூன்று என்பதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பின்னால் வந்த பதினைந்தில் பதினொன்று. நல்ல முன்னேற்றம்தான். தையல்காரம்மாவுக்கு அது போதுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

அவர் சீருடைகளையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். மேஜையில் படுக்கும் முன் டாக்டர் அவரிடம் கணக்கை அப்படியே சொன்னார், இருபத்து நாலில் பதினான்கு என்று. அந்த அம்மா தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“போன தடவ இந்த மாதிரி எதுவும் சொல்லலியே. சரி, பண்ணுங்க. ஆனா எடது கையில முடியாதா? வலதுதான் கத்திரி.”

“எனக்கு வலதுலதாம்மா பழக்கம். அதுதான் உங்களுக்கும் நல்லது.”

அந்த அம்மா சரி என்று தலையாட்டினார். எனக்கு அது உறுத்தியது. ஆனால் அன்றைக்கு டாக்டரின் நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாம் என்று வலது கையையே துடைத்துத் தயார் செய்தேன்.

முதல் குத்து தவறவில்லை. ஸ்கேன் திரையைப் பார்த்தே, படுக்கையாக, மெதுவாக. ரத்தம் வந்தது, கம்பி போயிற்று, குழல் உட்கார்ந்தது. நான் மூச்சை விட்டேன். டெக்னீஷியன் தம்பி என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன டாக்டர் ஒரு கோப்பைப் புரட்டுவதுபோல நின்றிருந்தார்.

அந்தக் குழல் வழியாக, இதயம் வரை போக வேண்டிய நீளக் குழாயை உள்ளே அனுப்பியபோது முழங்கைக்குக் கீழே அது நின்றுவிட்டது. ரத்தக்குழாய் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. டாக்டர் மருந்து கொடுத்தார். காத்திருந்தார். மறுபடி மெல்ல நகர்த்தினார். தையல்காரம்மா பல்லைக் கடித்தார், கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. “எரியுது டாக்டர்” என்றார். இன்னும் மெல்லிய குழாயை மாற்றிப் பார்த்தார். அதுவும் அதே இடத்தில் நின்றது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, அந்த ஐந்து நிமிஷம் எனக்கு உடம்பிலேயே தெரியும்.

டாக்டர் குழாயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் போகும் என்று தோன்றுகிற நிமிஷம் அது. தள்ளினால் ரத்தக்குழாய் கிழிந்தும் போகலாம். அவர் பார்வை தட்டின் இடது மூலைக்குப் போனது, பத்தொன்பது வருஷமாகக் கால் செட் இருந்த இடம். அங்கே ஒன்றுமில்லை. பிறகு என்னைப் பார்த்தார். அவர் கேட்டால் நான் நாலு எட்டு வைத்து எடுத்துக் கொடுத்தாக வேண்டும், அது என் வேலை. என் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கேட்காதீங்க சார், அந்தத் தொடையை விட்டுடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“மேடத்த வரச் சொல்லுங்க” என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் அவர் இன்னொருவரை உள்ளே கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சின்ன டாக்டர் கை கழுவிக்கொண்டு வந்தார். இவர் இடத்தை விட்டு விலகி எதிர்ப்பக்கம் போனார். “எடது கையிலயே பண்ணிடுங்க. அவங்க மொதல்லயே அதத்தான் கேட்டாங்க” என்றார்.

இடது கையை வயிற்றின் மேல் கொண்டுவந்து, ஸ்கேனில் பார்த்து, ஒரே குத்து. குழாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. முக்கால் மணி நேரத்தில் ஸ்டென்ட் வைத்து முடித்தார். அந்த முக்கால் மணி நேரமும் எங்கள் டாக்டர் தையல்காரம்மாவின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். இறுக்கம் தளர்ந்ததும் அதிலிருந்த குழலைத் தானே எடுத்துக் கட்டுப் போட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஆறு வாரம், இருபத்து நாலு பேருடைய கை, அதற்கப்புறமும் இது.

கேஸ் முடிந்து நான் பலகையில் எழுதப் போனபோது அவர் மார்க்கரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டார். “இது கால்ல முடியலியே சார்” என்றேன். “நான் தொடங்கினேன், என்னால முடியல. கட்டத்துல அப்படித்தானே எழுதியிருக்கு” என்றார்.

சாயங்காலம் வேலை முடிந்து போகிற வழியில் வார்டை எட்டிப் பார்த்தேன். தையல்காரம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். இடது கையில் பட்டை, வலது மணிக்கட்டில் ஊதா நிறத்தில் ஒரு கன்றல். அதற்குள் இரண்டு தடவை எழுந்து நடந்துவிட்டாராம். டாக்டர் வார்டு வாசலில் நின்றிருந்தார், வழக்கமாக நிற்கிற அதே இடம். பிறகு உள்ளே வந்தார்.

“ரொம்ப நன்றி டாக்டர். கால தொடாமலே முடிச்சிட்டீங்க.”

“நான் முடிக்கலம்மா. மேடம்தான் முடிச்சாங்க. நீங்க எடது கைன்னு சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும். இந்தக் காயம் என்னால ஆனது.”

அந்த அம்மா வலது கையைத் தூக்கி, கத்திரி பிடிப்பதுபோல விரல்களைத் திறந்து மூடிப் பார்த்தார். திறந்து மூட வந்தது.

“இது போயிடும்” என்றார். “போன தடவ பதினோரு நாள் கெடந்தேன். தெனமும் காலையில வந்து அந்த வாசல்ல நின்னுட்டுப் போயிடுவீங்க. நானும் இன்னிக்கி உள்ள வருவாரு, நாளைக்கி வருவாருன்னு பாத்துகிட்டே இருந்தேன். ஒருநாள்கூட வரல.”

டாக்டர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னாச்சுன்னு கேக்கறதுக்காவது வந்திருக்கலாம்.”

“இப்ப சொல்லுங்க” என்றார் டாக்டர். “கேக்கறேன்.”

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து, “அஞ்சு நிமிஷம்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வைத்தார். கட்டிலுக்கு அடியிலிருந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தையல்காரம்மா ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, கன்றிய கையை மடியில் போட்டுக்கொண்டு, முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார்.

நான் உடை மாற்றிக்கொண்டு, நாளைய பட்டியலை எழுதி மாட்டிவிட்டு, அந்த வழியாகத் திரும்பி வந்தேன். அந்த அம்மாவின் கதையில் ஆறாவது நாள் நடந்துகொண்டிருந்தது.